சொல்லாத விண்ணப்பம்

நாஷ்வில்
மார்ச் 8, 1998

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் அத்தான் காதில் விழும் என்பதால் எழுதுகிறேன். அந்தப் போனை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மாட்டியவன் யாரோ, அவன் கையில் கட்டி வர!

முதலில் உட்கார்ந்துகொள். நம் பாட்டு ரேடியோவில் வந்துவிட்டது. ஒன்றில் இல்லை, இரண்டு பக்கமும். கன்ட்ரி பாட்டு போடுகிற ஸ்டேஷன்களில் ஜனவரியிலிருந்தே மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தவர் காரில் போகிற மாதிரிதான், எப்போது இறக்கிவிடுவார்களோ என்று பயம். போன வாரம் டென்னசியில் ஒரு கிறிஸ்தவ ஸ்டேஷன்காரர் அதை எடுத்துக் காலை ஆராதனை நேரத்தில் போட்டிருக்கிறார். போன் வந்து குவிந்துவிட்டதாம். இப்போது கம்பெனிக்காரர் மார்வின் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார். இருபது வருடமாக அடுத்தவளுக்குப் பின்பாட்டுப் பாடினவளைப் பார்த்து எழுந்து நிற்கிறார் அக்கா!

ஒரு விஷயம், கோபப்படாதே. இரண்டு விதமாகப் பதிவு செய்திருக்கிறோம். கிறிஸ்தவ ஸ்டேஷனுக்கு நீ எழுதினபடியே, 'கர்த்தாவே, அவனோடு நடந்து வாரும்' என்று. பின்னால் பாடகர் குழு. கன்ட்ரிக்கு மட்டும் அந்த ஒரு வரி, 'கண்மணியே, நீ நடந்து வா' என்று மாறியிருக்கிறது. ஸ்டீல் கிட்டார் அழுகிற இடத்தில் கர்த்தர் வந்தால் ஸ்டேஷன்காரன் தயங்குகிறானாம். மெட்டு உன் மெட்டுதான். 'மேசையில் ஒரு தட்டு கூட இருக்கட்டும்' என்ற வரி அப்படியே இருக்கிறது. இசைத்தட்டில் உன் பெயரும் என் பெயரும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறது.

அக்டோபரில் உன் அடுக்களையில் நான் பாத்திரம் துடைக்க, நீ கழுவிக்கொண்டே இதை முணுமுணுத்தாயே, அப்போது கொடுத்த வாக்கு நினைவிருக்கிறது. பாட்டு உலகத்துக்கு. கதை நமக்குள்.

உன்
கோரின்

*

லாரல் ஃபோர்க், கென்டக்கி
மார்ச் 19, 1998

கோரின்,

கடிதம் வந்தது. சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம். உன் பெயரை ரேடியோவில் சொல்ல வேண்டும் என்று நம் அப்பா சாகிறவரை ஆசைப்பட்டார்.

ஒரே பாட்டுக்கு இரண்டு சட்டை தைத்திருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று, சனிக்கிழமைக் கூத்துக்கு ஒன்று. கர்த்தரை இறக்கிவிட்டுக் கண்மணியை ஏற்றிக்கொண்டாய். அவருக்கு இது புதிதில்லை, பிறந்த அன்றே சத்திரத்திலும் இடம் கிடைக்காதவர்தானே. எனக்குத்தான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. நான் எந்தக் கண்மணிக்கும் எழுதவில்லை. என் பிள்ளைக்கு எழுதினேன்.

சரி, அது போகட்டும். மற்றதை மறந்துவிடாதே. வெண்டல் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஞாயிறுதோறும் எஸ்டில் போதகர் 'ஜெப விண்ணப்பம் உண்டா' என்று கேட்கும்போது ஒருத்தி தன் முழங்காலைச் சொல்கிறாள், ஒருவன் மூடப்போகிற சுரங்கத்தைச் சொல்கிறான். நான் கையைத் தூக்கி 'சொல்லாதது' என்கிறேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போகிறார். எல்லாரும் எனக்காக ஜெபிக்கிறார்கள். வாசலில் நிறுத்தி என்ன ஏது என்று இன்றுவரை ஒருவர் கேட்டதில்லை. ஊருக்கே தெரியும், ஆனாலும் கேட்க மாட்டார்கள். 'சொல்லாதது' என்று ஒருத்தி சொன்னபிறகு அதைத் தோண்டுவது இங்கே எவ்வளவு அசிங்கம் என்று உனக்குத் தெரியும். நீயும் அதே பெஞ்சில் வளர்ந்தவள்.

ஆஸ்பத்திரியில் உன் அத்தான் கார்னெட் வெண்டலிடம் சொன்ன வார்த்தை உன்னைத் தவிர வேறு எந்த மனுஷருக்கும் நான் சொல்லாதது. குடித்துவிட்டு வெண்டல் ஓட்டின வண்டி பாலத்திலிருந்து விழுந்து, கூட இருந்த ஓபலின் மகன் லானி செத்து, இவன் கையில் ஒரு கட்டோடு பிழைத்துக் கிடந்தபோது, 'அவனுக்குப் பதிலா நீ போயிருக்கணும்' என்றார். பெற்ற அப்பன். சொன்ன மறுநிமிஷமே அவருக்கே நாக்கு அறுந்துபோன மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து அவன் பெயரை அவர் எடுப்பதில்லை. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் மூன்றாவது தட்டு வைக்கும்போது ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதுமில்லை. இதுதான் நான் காப்பாற்றிக்கொண்டிருக்கிற வீடு. இதில் கை வைக்காதே.

என் பிள்ளை திரும்பி வர வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

உன் அக்கா
டிரெஸ்ஸி

*

பஸ்ஸில், ஜார்ஜியா
ஏப்ரல் 22, 1998

என் செல்ல அக்கா,

ஊர் ஊராகப் போகிறோம், கையெழுத்து ஆடுகிறது, மன்னித்துக்கொள். கன்ட்ரியில் இருபத்தெட்டாம் இடம். கிறிஸ்தவப் பக்கம் நாலாம் இடம்! நேற்று ஒரு சர்ச்சில் பாடி முடித்ததும் கிழவர் ஒருவர் மேடைக்கு முன்னால் வந்து முழங்கால் போட்டுவிட்டார். யாரும் அழைக்கவில்லை.

உன் காதுக்கு வேறு விதமாக வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். கன்ட்ரிக்காரன் குரல் நன்றாக இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்வான். கிறிஸ்தவ ஸ்டேஷன்காரன் அப்படியில்லை. பாட்டுக்கு முன்னால் சாட்சி கேட்கிறான். 'சிஸ்டர், தேவன் உங்க வாழ்க்கையில என்ன செஞ்சாரு? இந்தப் பாட்டு எங்கேருந்து வந்துச்சு?' என்று. சாட்சி இல்லாத பாடகி அவர்களுக்குக் கடைக்காரி மாதிரி. முதல் தடவை நான் ஒன்றும் சொல்லாமல் சிரித்தேன். அந்த ஊரில் பாட்டு ஓடவே இல்லை. மார்வின், 'கோரின், அவங்களுக்கு ஏதாவது குடும்மா, பசியோட அனுப்பாதே' என்றார்.

அதனால், எங்கள் வீட்டில் ஒரு பையன் வீட்டை விட்டுப் போய்விட்டான், அவனுக்கு ஒரு தட்டு வைக்கிறோம் என்று மட்டும் சொல்கிறேன். எந்தப் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. அவ்வளவுதான். சத்தியமாக அவ்வளவுதான்.

நீ வெண்டலை நினைத்து உருகிப்போகாதே. அவன் எங்கோ சௌக்கியமாக, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, குடியையும் விட்டுவிட்டு ஒழுங்காக இருக்கிறான் என்றே என் மனசு சொல்கிறது. கொஞ்சம் பொறு. எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது.

அன்புடன்
கோரின்

*

லாரல் ஃபோர்க்
ஜூன் 1, 1998

கோரின்,

போன சனிக்கிழமை கார்னெட் முடி வெட்டிக்கொள்ளப் போனார். கல்லறைகளைச் சுத்தம் பண்ணி பூ வைக்கிற ஞாயிறு மறுநாள் என்பதால் கடை நிறைய ஆண்கள். பாதி வெட்டிக்கொண்டிருக்கும்போது ரேடியோவில் நீ வந்தாய்.

'என் மகன்' என்றாயாம். வண்டி, பாலம், செத்துப்போன நண்பன், எல்லாவற்றையும் சொன்னாயாம். அப்புறம், 'ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்து, அவனுக்குப் பதிலாக நீ போயிருக்க வேண்டும் என்று சொன்னார் அவனுடைய அப்பா' என்று குரல் நடுங்கச் சொல்லிவிட்டுப் பாட ஆரம்பித்தாயாம். முடிவெட்டுகிறவர் ரேடியோவை அணைத்தார். அதுதான் இன்னும் மோசம். ஏன் அணைத்தார் என்று அத்தனை பேருக்கும் தெரியும். உனக்குப் பிள்ளையே கிடையாது என்பது லாரல் ஃபோர்க்கில் நாய்க்கும் தெரியும்.

கார்னெட் கழுத்துத் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார். ஒரு பக்கம் வெட்டி, ஒரு பக்கம் காடாக, அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"கோரின்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நீ காதுல வாங்கிட்டேன்னு. நீ வராந்தாவுல இருந்தே, உனக்குக் கேட்கலைன்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன்டி. இத்தனை நாளும்."

மீதி முடியை நான்தான் கத்தரியால் வெட்டிவிட்டேன். அவர் தோள் குலுங்கியதில் இரண்டு இடத்தில் கோணலாகிவிட்டது. முப்பது வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. நீ பார்க்க வைத்துவிட்டாய்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் புல் செதுக்கி, பூ வைத்து, பாடினோம். நான் வாயை மட்டும் அசைத்தேன். ஓபல் லானியின் கல்லைத் துடைத்துவிட்டு என்னிடம் வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் பரவாயில்லை.

"உன் தங்கச்சி பேசறதைக் கேட்டேன் டிரெஸ்ஸி. 'ஒரு நண்பன்'ங்கிறா. அவனுக்குப் பேரு இருக்குடி. லானின்னு பேரு. அழுகிறதுக்கு அவளுக்கு என் பையன் சாவு வேணும், பேரு மட்டும் வேண்டாமாக்கும்?"

இதற்குப் பதிலை நீயே சொல்லு.

பாட்டைக் கொடுத்தேன், வாய்க்குள் வைத்திருந்ததைக் கொடுக்கவில்லை. என் வேதனையை உன் உடம்பில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுகிறாய். இன்றோடு நிறுத்து. அந்தப் பாட்டை எங்கேயும் பாடாதே. பாடித்தான் ஆக வேண்டும் என்றால் வாயை மூடிக்கொண்டு பாடு, கதை சொல்லாதே. போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன்.

டிரெஸ்ஸி

*

நாஷ்வில்
ஜூன் 15, 1998

அக்கா,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஐந்தாவது இது.

'என் மகன்' என்று சொன்னது தப்புதான். அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. 'எங்கள் வீட்டுப் பையன்' என்று சொல்லும்போது கூட்டம் சும்மா கேட்டது. ஒரு நாள் ஒரு பெண்மணி முன்வரிசையிலிருந்து, 'உங்க மகனா?' என்று கண்ணீரோடு கேட்டாள். ஆமாம் என்று தலை ஆடிவிட்டது. அதற்குப் பிறகு மாற்றிச் சொன்னால் பொய் சொன்னவள் ஆகிவிடுவேன். தொடர்ந்து சொன்னதால் வேறென்ன ஆனேன் என்று நீ கேட்பாய், தெரியும். லானியின் பெயரைச் சொல்லாதது மரியாதைக்காக. ஓபல் அக்காவிடம் அதைச் சொல்லு.

ஆனால் நானும் கொஞ்சம் பேசலாமா? எனக்கு நாற்பத்துமூன்று வயசு. என்னைவிட இளையவர்கள் பின்னால் நின்று 'ஊ' என்றும் 'ஆ' என்றும் பாடியே என் குரல் தேய்ந்தது. கல்யாணம் நிலைக்கவில்லை, குழந்தை பிறக்கவில்லை. நீ பாத்திரம் கழுவின ஈரத்தோடு ஏப்ரனில் துடைத்துப் போட்ட பாட்டு எனக்கு உயிர் கொடுத்தது. நீ அதை முப்பது பேர் இருக்கிற சர்ச்சில்கூடப் பாடியிருக்க மாட்டாய். இப்போது அமெரிக்காவில் எத்தனை அம்மாக்கள் எனக்கு எழுதுகிறார்கள் தெரியுமா? ஒஹையோவில் ஒருத்தி தன் மகளுக்குத் தட்டு வைக்க ஆரம்பித்திருக்கிறாள். சுரங்கத்தில் செத்துப்போன புருஷனுக்கு ஒருத்தி வைக்கிறாள். இதில் கர்த்தருடைய கை இல்லை என்று நீ சொல்லிவிடுவாயா?

நிறுத்த முடியாது அக்கா. செப்டம்பர் வரை ஊர்கள் பேசி முடித்தாகிவிட்டது. கிறிஸ்தவப் பக்கம் இப்போது முதல் இடம். நீ உள்ளே வைத்திருந்தால் அது உன்னோடு செத்திருக்கும். நான் வெளியே கொண்டுவந்தேன். இதற்கும் ஒரு நன்றி உண்டு, ஒரு நாள் சொல்வாய்.

அத்தானிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லு.

கோரின்

*

லாரல் ஃபோர்க்
ஜூலை 20, 1998

கோரின்,

வெண்டல் வந்துவிட்டான்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வெயில் இன்னும் மலைக்குப் பின்னால் இறங்கவில்லை. பயற்றங்குழம்பும் சோளரொட்டியும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தால் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் தாடியோடு ஒருத்தன் நிற்கிறான். யாரோ வழி கேட்கிறார்கள் என்று நினைத்தேன். அம்மா என்றான். கதவைத் திறக்கக்கூடத் தோன்றவில்லை. கார்னெட்தான் எழுந்து போய்த் திறந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் கார்னெட் அந்த மூன்றாவது நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ரொட்டி ஆறிப் போகுது. உக்காரு."

உட்கார்ந்தான். அந்தத் தட்டில் சாப்பிட்டான். அப்புறம் சின்ன வயசில் மாதிரியே ரொட்டியை மோர் டம்ளரில் பிட்டுப் போட்டு ஸ்பூனால் சாப்பிட்டான். நான் அவன் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதோடு இந்தக் கடிதத்தை முடிக்க முடிந்திருந்தால் உன் காலில் விழுந்து நன்றி சொல்லியிருப்பேன்.

சாப்பிட்டு முடித்து, "இத்தனை நாள் எங்கேடா இருந்தே கண்ணு?" என்று கேட்டேன்.

அவன் என்னைத் திகைத்துப் பார்த்தான். "சித்தி சொல்லலையா?"

கோரின், நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அவன் சொல்லச் சொல்ல எனக்கு உன் நிஜ முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. வீட்டை விட்டுப் போன முதல் மாசம் உன் வீட்டு சோஃபாவில் படுத்திருந்திருக்கிறான். நாஷ்வில்லுக்கு வெளியே டயர் கடையில் வேலையை நீயே வாங்கிக் கொடுத்திருக்கிறாய். அம்மாவிடம் சொல்லாதே என்று முதலில் அவன்தான் கேட்டான், ஒப்புக்கொள்கிறான். 'வெட்கமா இருந்துச்சும்மா' என்றான். அது புரிகிறது. ஆனால் போன கிறிஸ்துமஸுக்கே வீட்டுக்கு வரத் துடித்திருக்கிறான். உன்னிடம் வந்து கேட்டிருக்கிறான். நீ என்ன சொன்னாய்?

"சித்தி சொன்னாங்க, 'இப்ப வேண்டாம்டா, உங்கப்பா இன்னும் ஆறலை, உங்கம்மா உன் பேரைக் கேட்டாலே உடைஞ்சு போறா'ன்னு. ஈஸ்டர்லயும் கேட்டேன். 'இன்னும் கொஞ்சம் பொறு, எல்லாத்துக்கும் ஒரு நேரம் இருக்கு'ன்னாங்க."

ஜார்ஜியாவிலிருந்து எனக்கும் அதையேதான் எழுதியிருந்தாய். கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். குடியை விட்டுவிட்டான் என்று உன் மனசு சொன்னதாம். உன் மனசுக்கு டயர் கடை விலாசமும் தெரிந்திருந்தது.

நான் தட்டு வைப்பதை நீ அவனிடம் சொல்லவே இல்லை. ஊருக்கெல்லாம் சொன்னாய், அவன் ஒருத்தனுக்குச் சொல்லவில்லை. டயர் கடை ரேடியோவில் நீ பேசினதைக் கேட்டிருக்கிறான். இன்றைக்கும் என் மேசையில் என் மகனுக்கு ஒரு தட்டு இருக்கிறது என்று சொன்னாயாமே.

"சித்தி வீட்டு மேசையில நான் சாப்பிட்டிருக்கேன்மா. அதுமேல எப்பவும் காகிதமும் கேசட்டும்தான், இன்னொரு தட்டுக்கு அங்க இடமே கிடையாது. அப்பத்தான் புரிஞ்சுது, அது நம்ம வீட்டு மேசைன்னு. கையில இருந்த டயரைப் போட்டுட்டு முதலாளிகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்."

நீ வரவழைத்தாய் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ தடுத்தும் வந்தான்.

டிரெஸ்ஸி

*

நாஷ்வில்
ஜூலை 31, 1998

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வந்துவிட்டானே! ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். நீ நம்பமாட்டாய், ஆனால் உன்னளவு எனக்கும் சந்தோஷம்.

நீ நினைக்கிற மாதிரி நான் கெட்டவள் இல்லை. சத்தியம் வாங்கிக்கொண்டது அவன். சொல்லியிருந்தால் அவன் என்னிடமிருந்தும் ஓடியிருப்பான், அப்புறம் யாருக்குமே தெரியாமல் போயிருப்பான். முதல் வருடம் நான் செய்தது சரி. அதை யாரிடமும் சொல்வேன். கிறிஸ்துமஸ் சமயத்தில்... அப்போதுதான் பாட்டுப் பதிவு முடிந்திருந்தது. அத்தான் ஆறியிருக்க மாட்டார் என்று நான் நிஜமாகவே நினைத்தேன். பாதி நிஜமாக. ஈஸ்டரில் என்ன நினைத்தேன் என்று என்னைக் கேட்காதே. ஒவ்வொரு ஊரிலும் அவன் இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல, அவன் வராமல் இருப்பதே சரி என்று ஆகிவிட்டது. எப்படி அப்படி ஆனேன் என்று எனக்கு விளங்கவில்லை.

சித்திதானே நான். அவனுக்கு நானும் சோறு போட்டிருக்கிறேன். 'என் மகன்' என்று சொன்னபோது முழுப் பொய்யாக எனக்குத் தோன்றவில்லை. அதையாவது புரிந்துகொள்.

இனி ஒரு விஷயம். எரிச்சல்படாமல் படி. நடந்தது மார்வினுக்குத் தெரிந்துவிட்டது, நான்தான் அழுதுகொண்டு சொன்னேன். அவர் இது கர்த்தருடைய பதில் என்கிறார். செப்டம்பர் கடைசியில் இங்கே பெரிய அரங்கில் கடைசிக் கச்சேரி. கன்ட்ரிக்காரர்களும் கிறிஸ்தவ ஸ்டேஷன்காரர்களும் ஒன்றாக உட்காரப்போகிறார்கள், அப்படி நடப்பதே அபூர்வம். கடைசிச் சரணத்தில் நான் கூப்பிடும்போது வெண்டல் மேடைக்கு நடந்து வந்தால் போதும். பேச வேண்டாம். மேசையும் தட்டும் அங்கேயே இருக்கும். நீயும் வா. நீயும் நானும் சின்ன வயசில் மாதிரி சேர்ந்து பாடலாம், நீ மேல்குரல், நான் கீழ்க்குரல். பிள்ளை உன்னுடையவன் என்று அங்கேயே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். அழகாக முடிந்துவிடும் அக்கா. எல்லாம் சரியாகிவிடும்.

உடனே பதில் போடு. மார்வின் நோட்டீஸ் அடிக்க வேண்டும்.

உன்
கோரின்

*

லாரல் ஃபோர்க்
ஆகஸ்ட் 17, 1998

கோரின்,

வரமாட்டான். நானும் வரமாட்டேன். நோட்டீஸில் எங்களை எதிர்பார்த்து இடம் விட வேண்டாம்.

வெண்டலிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மறைக்கவில்லை. "நான் அங்க நடந்து வந்தா லானியும் நடந்து வருவானாம்மா?" என்றான். அவன் வந்த மூன்றாம் நாளே தனியாக ஓபல் வீட்டுக்குப் போனான். நான் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றான். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் அவள் வீட்டுக் கூரையைப் பழுது பார்க்கிறான். கார்னெட்டும் கூடப் போய் ஏணியைப் பிடித்துக்கொள்கிறார். இரண்டு பேருக்கும் பேச்சு இன்னும் சரளமாக வரவில்லை. ஆணி கொடு, சுத்தி கொடு என்று ஆரம்பித்திருக்கிறார்கள்.

நீ சத்தியத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். எனக்கு ஒரு வாக்கு கொடுத்தாய், அவனுக்கு ஒரு வாக்கு கொடுத்தாய். எனக்குக் கொடுத்ததை உடைத்தால் உனக்கு நல்லது, உடைத்தாய். அவனுக்குக் கொடுத்ததைக் காப்பாற்றினால் உனக்கு நல்லது, காப்பாற்றினாய். நீ படுத்து யோசித்து இப்படிச் செய்தாய் என்று நான் நினைக்கவில்லை. யோசிக்காமலே செய்திருக்கிறாய், அதுதான் எனக்கு ஆறவில்லை. இரண்டு கிறிஸ்துமஸ் நான் அவனுக்காக வைத்த தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். இரண்டாவது கிறிஸ்துமஸ் அவன் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஒரு சாப்பாட்டை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்? உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். வேறு யார் செய்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

பாட்டை நீயே வைத்துக்கொள். கோபத்தில் சொல்லவில்லை. முந்தாநாள் பாத்திரம் கழுவும்போது பாடிப் பார்த்தேன், வரவில்லை. பிள்ளை வந்து உட்கார்ந்தபிறகு அந்தப் பாட்டுக்கு என் வீட்டில் வேலை இல்லை. ஒஹையோக்காரிக்கு அது வேண்டியிருக்கும். அவளுக்காகப் பாடு. கண்மணியே என்று பாடுகிறாயோ, கர்த்தாவே என்று பாடுகிறாயோ, உன் பாடு. நடுவில் என்ன கதை சொல்கிறாய் என்றும் இனி நான் கேட்கப்போவதில்லை. சொல்லாதே என்று இனிமேல் உன்னைக் கெஞ்சப்போவதும் இல்லை.

மேசையில் இப்போதும் மூன்று தட்டுதான். நேற்று முன்தினம் உனக்கென்று நாலாவதை எடுக்கலாமா என்று அலமாரியைத் திறந்தேன். பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு மூடினேன். இன்னும் என்னால் முடியவில்லை. முடியும் என்றும் வாக்குக் கொடுக்க மாட்டேன். வாக்குக் கொடுப்பதில் நம் குடும்பத்துக்கு ராசி போதவில்லை.

நேற்று சர்ச்சில் வெண்டல் எனக்கும் கார்னெட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான். எஸ்டில் போதகர் விண்ணப்பம் உண்டா என்று கேட்டுவிட்டு, என் பக்கம் பார்த்துச் சிரித்தபடியே தாண்டிப் போகப் பார்த்தார். இனி எனக்கு என்ன குறை என்று நினைத்திருப்பார். நான் கையைத் தூக்கினேன். முன்னால் இரண்டு பெஞ்சு தள்ளி ஓபல் திரும்பிப் பார்த்தாள். வெண்டலும் என்னைப் பார்த்தான்.

"சொல்லாதது" என்றேன்.

அவர் தலையாட்டினார். எல்லாரும் தலை குனிந்து ஜெபித்தார்கள். வெளியே வரும்போது வாசலில் ஓபல் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். யாருக்காக என்று அவளும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை.

டிரெஸ்ஸி